குழல் முனையில் ஒரு மரை

மார்ச் 14

நூற்றுத்தொண்ணூற்றிரண்டு பக்க நோட்டு ஒன்று வாங்கி, பக்க எண்களை நானே இட்டேன். ஒரு தாள் கிழிக்கப்பட்டாலும் தெரிந்துவிடும். யாராவது என்னைக் கேள்வி கேட்கும் நாள் வந்தால் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும்; அப்போது இந்த நோட்டு பேச வேண்டும். ஆகவே எழுதப்போவதன் சுருக்கம்:

1. துப்பாக்கி என் பெயருக்கு வந்த விதம்.
2. அதன் குழலுக்கு நேர்ந்த கதி.
3. அதற்குச் சட்டம் சொல்வது.
4. இது முழுவதும் என் மனைவியின் தம்பி மோகன்தாஸ் செய்த வேலை. எனக்குத் தெரியவந்தபோது எல்லாம் முடிந்திருந்தது.
5. இனி நான் செய்ய வேண்டியது.

நான் பாலிடெக்னிக்கில் முப்பத்துமூன்று ஆண்டுகள் இயந்திர வரைபடம் கற்பித்தவன். கையொப்பமிட்ட வரைபடத்தில் பிழை கண்டால் அழிக்கக் கூடாது. ஒற்றைக் கோடு இழுத்து, பக்கத்தில் 'திருத்தம்' என்று எண்ணிட்டு, பெயரின் முதலெழுத்தும் தேதியும் போட வேண்டும். அழித்தவர்களுக்கு நான் மதிப்பெண் குறைத்திருக்கிறேன். இந்த நோட்டுக்கும் அதே விதி.

காலை பத்தேகாலுக்கு ஸ்டேஷனிலிருந்து ஏட்டு போன் செய்தார்.

"பரஞ்சோதி சாரா? எலெக்‌ஷன் அறிவிச்சுட்டாங்க. உங்க பேருல ஒரு பன்னெண்டு போர் துப்பாக்கி இருக்குல்ல, இருபத்தொண்ணுக்குள்ள கொண்டாந்து ஒப்படைச்சுருங்க. ரிசல்ட் வந்து ஒரு வாரத்துல திருப்பித் தந்துருவோம்."

ஒவ்வொரு தேர்தலுக்கும் இப்படித்தான். நான்கு முறை ஒப்படைத்து நான்கு முறை வாங்கியிருக்கிறேன். சரி என்று சொல்லி வைத்துவிட்டு, அரை மணி நேரம் போன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். திலகவதி வந்து சாம்பாருக்கு முருங்கைக்காயா சௌசௌவா என்று கேட்டாள். முருங்கை என்றேன்.

முதல் குறிப்பு. துப்பாக்கி என் மாமனாருடையது. ஒற்றைக் குழல். பத்து ஏக்கர் காப்பியும் மிளகும், கீழ்ச்சரிவில் சௌசௌப் பந்தலும் உள்ள இந்தத் தோட்டத்துக்குக் காட்டுப்பன்றியை விரட்ட அவருக்கு உரிமம் கொடுத்திருந்தார்கள். அவர் இறந்தபின் அது மகன் மோகன்தாஸுக்குப் போயிருக்க வேண்டும். ஆனால் திருவிழாவில் ஒரு ஜீப் டிரைவரின் இரண்டு பற்களைக் கழற்றிய வகையில் அவன் பேரில் ஒரு வழக்கு. வருவாய் ஆய்வாளர் என்னைப் பற்றி எழுதினார்: 'மருமகன், ஓய்வுபெற்ற ஆசிரியர், அமைதியானவர்.' பயந்தவர் என்பதற்கு அரசாங்கத்தில் அந்தச் சொல்லைத்தான் பயன்படுத்துகிறார்கள்.

ஆக, அவன் அப்பாவின் துப்பாக்கி, அவன் அப்பாவின் நிலத்தில், என் பெயரில். அவன் சட்டப்படி அதைத் தொட முடியாது. நான் விரும்பித் தொட்டதில்லை.

மார்ச் 15

இரண்டாவது குறிப்பு.

மோகன்தாஸுக்குப் பின்கொட்டகையில் இரும்பு கடையும் பழைய லேத் ஒன்று உண்டு. காப்பிப் பழம் அரைக்கும் மெஷின், மருந்தடிக்கும் பம்ப், ஜீப் அச்சு என்று மலையில் உடையும் எல்லாம் அங்கே வரும். ஐம்பத்தெட்டு வயதாகிறது, படிப்பு எட்டாம் வகுப்பு. மீதிப் படிப்பைக் கைபேசி வீடியோவில் முடித்தவன். அதில் ஒரு வெள்ளைக்காரன் தன் வீட்டுக் கார்செட்டில் நின்றபடி துப்பாக்கிச் சத்தத்தைக் குறைக்கும் குழாயைப் பற்றிப் பேசுகிறானாம். அவன் பேசும் மொழி இவனுக்குப் புரியாது. கை அசைவதைப் பார்த்தே எல்லாம் புரிந்துவிட்டதாக நினைக்கிற ஆள்.

டிசம்பரில் ஒரு நாள் அப்படி ஒரு குழாயைத் துண்டில் சுற்றி, பிறந்த குழந்தையைக் கொண்டுவருவது போல் இரண்டு கையிலும் ஏந்திக் கொண்டுவந்தான். ஒரு சாண் நீளம், கறுப்புப் பெயின்ட். அதைத் திருகிப் பொருத்துவதற்காகத் துப்பாக்கிக் குழலின் முனையில் திருகு மரை வெட்டியிருந்தான். எண்ணெய் போடுகிறேன் என்று துப்பாக்கியை எடுத்துப்போய் இதைச் செய்திருக்கிறான்.

ஒரே ஒரு முறை சுட்டுப் பார்த்தோம். முன்பு வெடி போலக் கேட்டது இப்போது பக்கத்து வீட்டில் இரும்பு பீரோ விழுந்தது போலக் கேட்டது. அவ்வளவுதான் மாற்றம்.

பன்றியை விரட்டுவது குண்டல்ல, சத்தம். அரசாங்கம் எங்களுக்கு உரிமம் கொடுத்ததே அந்தச் சத்தத்துக்காகத்தான் என்று சொல்லலாம். அதன் வாயைக் கட்டுவதற்கு உழைத்தவனை என்னவென்று சொல்வது. எனக்குத் தெரிந்த காரணம் ஒன்றுதான்: சத்தமில்லாமல் பன்றி அடித்துத் தின்ன வேண்டும் என்ற நாக்கு.

குழாயைக் கழற்றி எறிந்துவிடலாம். முனையில் வெட்டிய மரையைக் கழற்ற முடியாது.

மார்ச் 16

கீழே வத்தலக்குண்டுக்குப் பஸ்ஸில் போனேன். வக்கீல் ராஜகணபதி என்னிடம் படித்தவன். மூன்று முறை தேர்வில் தவறி, வரைபடத்தை விட்டுச் சட்டத்துக்குப் போனான். அவன் போட்ட கோடுகளை நினைத்தால் நாடு தப்பித்தது என்று தோன்றும். இப்போது அவன் வாதங்களைக் கேட்டால் தப்பவில்லை என்று தெரிகிறது. ஒரு நண்பருக்கு நேர்ந்தது என்று சொல்லிக் கேட்டேன்.

"அந்த நண்பர் நல்லா இருக்காரா சார்?" என்றான்.

"இருக்கிறார்."

"பிரஷர் மாத்திரை எல்லாம் சாப்புடுறாரா?"

அவன் சிரிக்காமல் கேட்பதுதான் எரிச்சல். பிறகு புத்தகத்தைத் திறந்து வாசித்தான். சத்தத்தைக் குறைக்கச் செய்த துணைக்கருவி, சட்டத்தின் பார்வையில் வெறும் குழாய் இல்லை. அதுவே ஒரு துப்பாக்கி. துப்பாக்கியில் பொருத்தினாலும் பொருத்தாமல் அலமாரியில் வைத்தாலும் ஒன்றுதான். அதை வீட்டு லேத்தில் செய்தால் உரிமமில்லாமல் ஆயுதம் தயாரித்தது ஆகும்.

"கொறஞ்சது ஏழு வருசம் சார். ஒண்ணு செஞ்சு ஒருதடவை வெச்சுப் பாத்தவனுக்கும், வரிசையா செஞ்சு வித்தவனுக்கும் பிரிவு ஒண்ணுதான். ஆனா கோர்ட்டு ரெண்டு பேரையும் ஒரே கண்ணால பாக்காது. விக்கிறவன்னு பேர் வந்துருச்சுன்னா ஜாமீன்கூட நெனச்சுப் பாக்க முடியாது."

"உரிமம் வைத்திருப்பவர்?"

"முதல்ல அவரைத்தான் கேப்பாங்க. யாரு செஞ்சா, உமக்குத் தெரியுமா, தெரியாதா. எழுத்துல ஏதாச்சும் இருக்கா சார்? பில்லு, மெசேஜு, துண்டுச்சீட்டு?"

இல்லை என்றேன். நான் அறிந்தவரை இல்லை.

திரும்பும் பஸ்ஸில் இடம் கிடைக்கவில்லை. ஏழு கொண்டைஊசி வளைவிலும் நின்றுகொண்டே வந்தேன்.

மார்ச் 17

மோகன்தாஸ் வந்தான். காலில் கிரீஸ். திலகவதி துடைத்த தரையில் நேராக நடந்து வந்து உட்கார்ந்தான்.

"என்னா மச்சான், ஆளே பாதியாப் போயிட்டீங்க. அக்கா, இவருக்குச் சோறு போடுறியா இல்லையா?"

விஷயத்தைச் சொன்னேன். முகம் மாறவில்லை. அவனுக்கு முகம் மாற நேரம் பிடிக்கும்.

"இவ்ளோதானா. முனையில ரெண்டு இஞ்ச் அறுத்து எறிஞ்சுருவோம். மரையும் போச்சு, பிரச்சினையும் போச்சு."

"குழலைக் குட்டையாக்குவது தனிக் குற்றம். உரிமத்தில் நீளம் எழுதியிருக்கிறது."

"அப்ப தொலைஞ்சு போச்சுன்னு சொல்லிருவோம்."

"துப்பாக்கி தொலைந்தால் அது பர்ஸ் தொலைந்தது மாதிரி இல்லை."

"அந்த வீடியோக்காரன் ஊருல ஒரு ஃபார்ம் நெரப்பி, வரி கட்டுனாப் போதுமாம் மச்சான். தபால்ல அனுப்பி வெச்சுருவாங்களாம்."

"நீ அந்த ஊரில் இருக்கிறாயா?"

"இல்ல. ஆனா வீடியோ இங்க வருதுல்ல."

இந்த மூளையோடு ஒருவன் ஐம்பத்தெட்டு வயது வரை உயிரோடிருப்பது மருத்துவத்தின் வளர்ச்சி என்று எண்ணிக்கொண்டேன். பன்றிக்கறி ஆசைக்குக் குடும்பத்தைத் தெருவில் நிறுத்தப் பார்த்தாய் என்று மட்டும் சொன்னேன். அவன் என்னை ஒரு மாதிரி பார்த்தான்.

"கறியா? மச்சான், ஐப்பசி மாசம் பந்தலுக்குள்ள பன்னி எறங்குனப்ப வெடி போட்டுட்டு நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டுச் சேத்துல உக்காந்தீங்களே. வேட்டியெல்லாம் நனைஞ்சு. சத்தந்தாண்டா எனக்கு ஆகலைன்னு நீங்கதான சொன்னீங்க. அக்காகிட்டக்கூட நான் சொல்லல."

திலகவதி அடுக்களையில் பாத்திரத்தைக் கீழே வைப்பது கேட்டது.

எனக்கு வெடிச்சத்தம் ஆகாது என்பது இங்கே பொருத்தமில்லாதது. எவனும் தன் தவற்றுக்கு அடுத்தவனின் நெஞ்சுவலியைக் காரணம் சொல்லலாம். ஆயினும் நடந்த உரையாடல் என்பதால் எழுதிவைக்கிறேன்.

குழாயை எடுத்துப்போகச் சொன்னேன். "இனிமே அதை நீங்க பாக்க மாட்டீங்க" என்று துண்டில் சுற்றி எடுத்துப்போனான்.

மார்ச் 18

குளியலறைக் குழாயில் வாஷர் மாற்றினேன். மிளகு காயப் போட்டது. துப்பாக்கியை எடுத்து முனையைப் பூதக்கண்ணாடியில் பார்த்தேன். மரை சுத்தமாக இருக்கிறது. மையம் துளியும் விலகவில்லை. அளவு சரியாகக் கொடுக்கப்பட்டால் எட்டாம் வகுப்புக்காரனாலும் இப்படி வெட்ட முடியும் என்பதற்கு இது சான்று.

மேசை இழுப்பறையில் ஒரு தாளைத் தேடினேன். கிடைக்கவில்லை. முக்கியமானதல்ல.

மார்ச் 19

மறுபடி தேடினேன். பழைய வினாத்தாள் கட்டுகள், டி-ஸ்கொயர் பெட்டி, காலண்டர் சுருள்கள். திலகவதி கதவருகே நின்றாள்.

"எதைத் தேடுறீங்க?"

"ஒரு பழைய தாள்."

"பென்சில்ல போட்டதா, மையில போட்டதா?"

இழுப்பறையை மூடினேன். நாற்பத்தோரு ஆண்டுகளில் அவள் என் மேசைப் பக்கம் வந்ததாக எனக்கு நினைவில்லை. வந்திருக்கிறாள் போலும்.

மார்ச் 21

ஒப்படைத்தாகிவிட்டது.

ஸ்டேஷன் வராந்தாவில் பெஞ்சு நிறையத் தோட்டக்காரர்கள். ஒவ்வொருவர் மடியிலும் ஒரு துப்பாக்கி, கல்யாண வீட்டில் குடையை மடியில் வைத்திருப்பதைப் போல. பாதிப் பேருடையது சுட்டுப் பத்தாண்டு ஆகியிருக்கும். ஆனாலும் ஜீப்பில் வைத்துக்கொண்டு திரிந்தால்தான் ஆண்பிள்ளை. ஒருவருடைய துப்பாக்கிக் குழலுக்குள் குளவி கூடு கட்டியிருந்தது.

ஏட்டு சொன்னார், "இதுக்கும் சேத்து லைசென்ஸ் எடுத்தீங்களாய்யா?"

என் முறை வந்தது. ஒவ்வொரு தேர்தலுக்கும் செய்வதைப் போல முனையில் எண்ணெய்த் துணி சுற்றிச் சணல் கட்டியிருந்தேன். ஏட்டு அதைப் பிரிக்கவில்லை.

"எல்லாரும் உங்கள மாதிரி இருந்தா எங்களுக்கு வேலையே இல்ல சார்" என்று மற்றவர்களுக்குக் கேட்கும்படி சொன்னார். எண்ணைச் சரிபார்த்தார், அட்டை கட்டினார், ரசீது தந்தார்.

இவர்கள்தான் நாட்டைக் காப்பவர்கள். ஒரு சாண் துணிக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று பார்க்கத் தெரியாதவர்கள். வெளியே வந்து ஒரு டீ குடித்தேன். இரண்டு வடையும் தின்றேன்.

மார்ச் 23

நன்றாகத் தூங்கினேன். நான்காவது குறிப்பை மீண்டும் படித்தேன். தெளிவாக எழுதப்பட்டிருக்கிறது.

மார்ச் 24

மோகன்தாஸ் ஒரு தார் வாழை கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனான். தேவையில்லை என்று சொல்லியும் வைத்துவிட்டான். ஒரு மனிதனுக்கு வெட்கம் இருந்தால் இப்படி வந்துபோக முடியாது.

மார்ச் 26

எஸ்.ஐ. நாகஜோதி என்ற பெண் போன் செய்தார். சீல் வைப்பதற்கு முன் குண்டு எதுவும் உள்ளே இருக்கக் கூடாதென்று ஆயுதப்படையிலிருந்து துப்பாக்கி பழுதுபார்க்கும் ஆர்மரர் வந்து ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்திருக்கிறார். அவர் எண்ணெய்த் துணியையும் பிரித்துவிட்டார்.

நாளை காலை பத்து மணிக்கு வர வேண்டும். மோகன்தாஸையும் அழைத்துவரச் சொன்னார். லேத் யாரிடம் இருக்கிறது என்று மலையில் யாரைக் கேட்டாலும் தெரியும்.

மோகன்தாஸ் ஓடிவிடுவான் என்று திலகவதியிடம் சொன்னேன். அவள் வாழைப்பழத்தை உரித்து என் முன்னால் வைத்தாள்.

மார்ச் 27

அவன் ஓடவில்லை. எனக்கு முன்பே போய் வராந்தாவில் நின்றிருந்தான். வெள்ளைச் சட்டை. வழியில் எங்கள் வீட்டுக்குப் பின்வாசலாக வந்து அக்காவைப் பார்த்துவிட்டுப் போனதாகப் பிறகு அறிந்தேன்.

நாகஜோதிக்கு முப்பது வயதிருக்கும். எனக்கு நாற்காலி போட்டு, தண்ணீர் வேண்டுமா என்று கேட்டார். அந்த மரியாதை எனக்குப் பிடிக்கவில்லை. அதில் அவர் ஏதோ தேடுவது தெரிந்தது. ஜன்னலருகே ஆர்மரர் நின்றுகொண்டு என் துப்பாக்கியின் முனையைத் தடவிக்கொண்டிருந்தார்.

"யார் சார் இதைப் பண்ணுனது?"

எதிர்பார்த்தபடி நாக்கு ஒட்டிக்கொண்டது. இந்த நோட்டைத் திறந்து முதல் பக்கத்தின் நான்காவது குறிப்பை வாசித்தேன். குரல் நடுங்கியது, வாசகம் நடுங்கவில்லை. ரைட்டர் அதை அப்படியே எழுதிக்கொண்டார். கையொப்பமிட்டேன்.

பிறகு மோகன்தாஸை உள்ளே கூப்பிட்டார்கள்.

"நாந்தான் மேடம் செஞ்சேன். மச்சானுக்கு ஒண்ணும் தெரியாது. அவரு வெடிச்சத்தம் கேட்டாலே உக்காந்துருவாரு."

"குழாய் எங்க?"

"கொட்டகையில மண்ணெண்ணெய் டின்னுக்குப் பின்னாடி. தூக்கிப் போடத்தான் போனேன். நல்லா வந்த வேலை, மனசு வரல."

"அளவு யாரு குடுத்தா?"

"கண்ணளவுதான்."

ஆர்மரர் திரும்பினார். "கண்ணளவா? மேடம், இது ஃபேக்டரி வேலை மாதிரி இருக்கு. நான் இருபத்திரண்டு வருசமா மரை பாக்குறேன்."

அப்போது எனக்குள் நடந்ததை எழுதாமல் விட்டால் இந்த நோட்டுக்கு அர்த்தமில்லை. பயம் விடவில்லை. ஆனாலும், கண்ணளவில் அந்த மரை வராது, வரவே வராது, அளவில்லாமல் வெட்டியிருந்தால் மூன்று இடத்தில் திருகாமல் கடித்திருக்கும் என்று சொல்ல என் வாய் துடித்தது. என் வாழ்நாளில் என் வேலையை இதுவரை யாரும் ஃபேக்டரி வேலை என்று சொன்னதில்லை. சொல்லாமல் இருந்துவிட்டேன்.

நாகஜோதி பேனாவைக் கீழே வைத்தார்.

"மோகன்தாஸ், கண்ணளவுல இவ்வளவு சுத்தமா வருதுன்னா இது உங்க முதல் குழாய் இல்ல. போன மாசம் அடிவாரத்துல மான் வேட்டைக்காரங்ககிட்ட ரெண்டு பிடிச்சோம். இதுவரைக்கும் எத்தனை செஞ்சீங்க? யாருக்குக் குடுத்தீங்க?"

"ஒண்ணுதான் மேடம்."

"ஒண்ணுன்னு எதை வெச்சு நம்புறது?"

அவன் என் பக்கம் திரும்பவே இல்லை. தன் சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்தான். அதில் ஒன்றும் இருக்கவில்லை. "நம்பலைன்னா நான் என்னா செய்ய முடியும்" என்றான்.

நீங்கள் போகலாம் சார் என்று என்னிடம் சொன்னார்கள்.

மார்ச் 28

மோகன்தாஸை ரிமாண்ட் செய்தார்கள். மிளகை உள்ளே எடுத்துவைத்தேன்.

மார்ச் 29

காலையில் வெந்நீர் அடுப்பருகே திலகவதி கூப்பிட்டாள். நான்காக மடித்த ட்ரேசிங் தாள் ஒன்று அவள் கையில்.

"தம்பி ஸ்டேஷனுக்குப் போற வழியில குடுத்துட்டுப் போனான். மச்சான்கிட்டக் குடு, எரிச்சுறச் சொல்லுன்னான். அடுப்பு எரியுது. நீங்களே போடுங்க."

"நீ படித்தாயா?"

"படிக்க என்னா இருக்கு. எல்லாம் கோடு. கீழ கட்டத்துல உங்க கையெழுத்து இருக்கு, அதை நாற்பது வருசமாப் பாக்குறேன்."

"அவன்தான் வரைந்து தரச் சொல்லிக் கேட்டான்."

"ஆமா. நவம்பர்ல சிகரெட் அட்டையில ஒண்ணு கிறுக்கி எடுத்துட்டு வந்தான். இதைக் கண்ணால பாக்க முடியலைடான்னு திட்டுனீங்க. அப்புறம் மூணு நாள் மேசையை விட்டு எந்திரிக்கல. ரிட்டயர் ஆனதுக்கப்புறம் நீங்க அப்படிச் சந்தோசமா இருந்து நான் பாக்கல."

அவள் போய்விட்டாள். நான் தாளை விரித்தேன்.

அது நல்ல வரைபடம். முன்தோற்றம், வெட்டுத்தோற்றம், மரையின் அளவுகள் எல்லாம் வெர்னியர் வைத்து எடுத்தவை. வலது கீழ்மூலையில் தலைப்புக் கட்டம். அதைப் போட வேண்டிய அவசியம் என்ன என்று உலகத்தில் யார் கேட்டாலும் எனக்குப் பதில் தெரியாது. கட்டமில்லாத தாளை நான் என்றும் மேசையிலிருந்து எழவிட்டதில்லை, அவ்வளவுதான். குற்றம் செய்கிறவன் கைரேகையைத் துடைப்பான். நான் கட்டம் போட்டு, பெயரெழுதி, தேதியிட்டிருக்கிறேன்.

வரைந்தவர்: மு. ப.
சரிபார்த்தவர்: மு. ப.
பொருத்தும் துப்பாக்கி: மாமனாருடையது, அதன் எண்.
தேவையான எண்ணிக்கை: 1.

தாளை அடுப்பில் போடவில்லை. வெளியே எடுத்தும் வைக்கவில்லை. குளித்துவிட்டு வந்து இந்த நோட்டுக்குள் செருகினேன்.

மார்ச் 30

ராஜகணபதியிடம் போனில் நண்பர் வேஷம் போடாமல் பேசினேன்.

"எரிச்சுருங்க சார். நீங்க இப்ப சாட்சி, அவ்ளோதான். இந்தத் தாளோட போனீங்கன்னா கேஸ்ல ரெண்டாவது எதிரி. வரைஞ்சு குடுத்ததும் தயாரிப்புக்கு ஒத்தாசைதான். அதோட பொய் வாக்குமூலம் குடுத்தது வேற."

"மோகன்தாஸ்?"

"அவரு உள்ளதான் இருப்பாரு. விக்கிறதுக்குச் செஞ்சாருன்னுதான் போடப்போறாங்க. அடிவாரத்துல பிடிச்ச ரெண்டையும் இவர் தலையிலதான் வைப்பாங்க."

"இந்தத் தாளில் எண்ணிக்கை ஒன்று என்று இருக்கிறது. தேதி இருக்கிறது. துப்பாக்கி எண் இருக்கிறது. அளவு யார் கொடுத்தது என்பதும் இருக்கிறது. கண்ணளவு இல்லை என்றால், பல செய்து பழகிய கை என்ற அவர்கள் வாதமும் இல்லை."

மறுமுனையில் அவன் ஒரு கதவைச் சாத்துவது கேட்டது.

"சார், நீங்க எனக்கு ஒரு தடவை பாஸ் மார்க்குக்கு ரெண்டு கொறைச்சலாப் போட்டீங்க. ஏன் சார்னு கேட்டதுக்கு, கோடு சரிதான், ஆனா நீ அழிச்சிருக்கன்னு சொன்னீங்க. ஞாபகம் இருக்கா?"

இருக்கிறது என்றேன். அவன் அதை எனக்குப் புத்திமதியாகச் சொன்னானா, பதினெட்டாண்டு வஞ்சத்தைத் தீர்த்தானா என்று தெரியவில்லை. வக்கீல்களிடம் இரண்டுக்கும் வேறுபாடு கிடையாது.

மாலையில் பந்தலுக்குள் பன்றி இறங்கியது. விரட்டத் துப்பாக்கியும் இல்லை, மோகன்தாஸும் இல்லை. திலகவதி தகர டின்னைத் தட்டிக்கொண்டு தனியாகப் போனாள். நான் திண்ணையில் உட்கார்ந்து அந்தத் தகரச் சத்தத்துக்கே நெஞ்சைப் பிடித்துக்கொண்டிருந்தேன். பாதிப் பந்தல் போய்விட்டது.

மார்ச் 31

இந்த நோட்டை முதலிலிருந்து படித்தேன். மோகன்தாஸை முட்டாள் என்று நிரூபிக்க இவ்வளவு பக்கம் எழுதியிருக்கிறேன். மொழி சுத்தமாக இருக்கிறது. ஏட்டை இகழ்ந்திருக்கிறேன், வக்கீலை இகழ்ந்திருக்கிறேன், வீடியோக்காரனைக்கூட விடவில்லை. எட்டாம் வகுப்புக்காரன் சட்டைப் பையைத் தடவிக்கொண்டு நின்ற இடத்தில், படித்தவன் நோட்டைத் திறந்து பொய்யை வாசித்திருக்கிறான், உச்சரிப்புப் பிழையில்லாமல். இகழ்வதற்கு இந்த மலையில் இதைவிடத் தகுந்த ஆள் இருந்தும் அவனை மட்டும் விட்டுவைத்திருக்கிறேன்.

தைரியம் வந்துவிட்டதாக எழுதமாட்டேன். வரவில்லை.  எஸ்.ஐ.க்கு முன்னால் மறுபடியும் நாக்கு ஒட்டிக்கொள்ளும் என்பதும் தெரியும். அதற்காகத்தான் நோட்டையும் தாளையும் கொண்டுபோகிறேன். பேச வேண்டியது நான் அல்ல.

பிரஷர் மாத்திரை பதினைந்து நாளுக்கு. மாற்றுக் கண்ணாடி. துண்டு. பதினோரு மணி பஸ்.

திலகவதியிடம் சொன்னேன்.  வெள்ளைச் சட்டையை இஸ்திரி போட்டு நாற்காலியில் மாட்டினாள்.

"அவனைப் பாத்தா வாழைத்தார் பழுத்துருச்சுன்னு சொல்லுங்க" என்றாள்.

ஐந்தாவது குறிப்பு, இனி நான் செய்ய வேண்டியது: மேலே எழுதியாகிவிட்டது. மிச்சம் இருப்பது முதல் பக்கம். திருப்பி, அழிக்காமல், அளவுகோல் வைத்து ஒற்றைக் கோடு இழுத்தேன். கோடு கொஞ்சம் நடுங்கியிருக்கிறது.

நான்காவது குறிப்பு தவறு. திருத்தம் 1. மு. ப., மார்ச் 31.